மன்னிப்புக் கடிதமும் பண்டாரப் பாட்டும்

ஒரு பெரிய ஜவுளிக்கடையில் ஆறு வருடமாகச் சேலைப் பிரிவில் வேலை பார்க்கும் 34 வயதுச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். கணவர் இல்லை. ஏழாம் வகுப்பு படிக்கும் மகள், வயதான அம்மா, வாடகை வீடு. காலை ஒன்பதரைக்கு உள்ளே போனால் இரவு ஒன்பதரை வரை டூட்டி. நடுவில் சாப்பாட்டுக்கு நாற்பது நிமிடம். மற்ற நேரமெல்லாம் நின்றபடிதான்.

ஒரு மதியம், கூட்டம் இல்லாத நேரம். கால் வலி தாங்காமல் கவுன்ட்டருக்குப் பின்னால் கிடந்த சேலை பண்டல் மேல் உட்கார்ந்திருக்கிறார். கேமராவில் பார்த்துவிட்டு வந்த ஃப்ளோர் மேனேஜர், “உட்காரணும்னா வீட்ல போய் உட்காரு” என்று வாடிக்கையாளர்கள் முன்னாலேயே சத்தம் போட்டார். “உட்காரலாம்னு சட்டமே இருக்கு சார்” என்று இவர் ஒரு வரி சொன்னார். அந்த ஒரு வரிக்காக மாலையில் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். ‘வேலை நேரத்தில் அலட்சியமாக உட்கார்ந்திருந்தேன், எதிர்த்துப் பேசினேன், மன்னிக்கவும், இனி இப்படி நடக்காது’ என்று எழுதி வாங்கினார்கள். கூடவே ஒரு வெற்றுத்தாளிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். தினமும் இவரோடு சேர்ந்து சாப்பிடும் பக்கத்துக் கவுன்ட்டர் தோழி, ‘இவர் அடிக்கடி உட்காருவார்’ என்று தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அதற்குப் பத்து நாள் கழித்து, பாரதி நினைவு நாள் விழாவுக்காக மகள் வீட்டில் ‘அச்சமில்லை’ பாட்டைப் பயிற்சி செய்யத் தொடங்கியிருக்கிறாள். கடிதத்தின் கடைசிப் பகுதியை அவர் சொற்களிலேயே தருகிறேன்:

“அவ கையைத் தூக்கிக்கிட்டு அச்சமில்லைன்னு சொல்றப்ப அவ முகத்தை என்னால பார்க்க முடியல வக்கீலம்மா. அடுப்படிக்குள்ள போய் அழுதேன். வெள்ளைக்காரனையே எதிர்த்து நின்னவர் பாடுன பாட்டு. ஒரு மேனேஜருக்குப் பயந்து கையெழுத்துப் போட்ட நான் அதைச் சொல்லிக் கொடுக்க யோக்கியதை உள்ளவளா? வேலையைத் தூக்கி எறிஞ்சுட்டு வந்துடலாமா? எழுதிக் கொடுத்துட்டதால இனிமே என்னால எதுவுமே செய்ய முடியாதா?”

அன்புள்ள சகோதரிக்கு,

எனக்கு வரும் கடிதங்களில் முதலில் சட்டத்தைத்தான் கேட்பார்கள். நீங்கள் பாட்டைக் கேட்டிருக்கிறீர்கள். நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன். ஏனென்றால் அந்தப் பாட்டு பல வருடம் எனக்கும் வலித்தது.

நான் ஜூனியராக இருந்த முதல் வருடம். ஒரு சீனியர் வக்கீல், தேதியைத் தப்பாகக் குறித்துவிட்டேன் என்று கேஸ் கட்டைக் கோர்ட் வராந்தாவில் தூக்கி எறிந்தார். கட்சிக்காரர்கள், குமாஸ்தாக்கள், போலீஸ்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தேதியைத் தப்பாகக் குறித்தது நான் இல்லை. ஆனாலும் “சாரி சார்” என்று சொல்லிக்கொண்டேதான் தாள்களைப் பொறுக்கினேன். பேசியிருக்க வேண்டிய பதில் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில்தான் வந்தது. அதன் பிறகு எந்த விழாவில் ‘அச்சமில்லை’ பாடினாலும் அது என்னைத் தவிர மற்ற எல்லாருக்கும் எழுதிய பாட்டு என்று தோன்றும். நீங்கள் அடுப்படியில் நின்று அழுதது எனக்குப் புரிகிறது.

பாட்டை முழுசாகப் படியுங்கள்

மகளின் தாளில் எத்தனை வரி எழுதிக் கொடுத்திருக்கிறார்களோ தெரியாது. பள்ளி விழாக்களில் பெரும்பாலும் முதல் சில வரிகளைத்தான் பாடுவார்கள். முழுப் பாட்டையும் எடுத்து, ஒவ்வொரு வரியும் எப்படி முடிகிறது என்று பாருங்கள்.

‘துச்சமாக எண்ணி நம்மைத் தூறுசெய்த போதினும்’. ‘பிச்சை வாங்கி உண்ணும் வாழ்க்கை பெற்றுவிட்ட போதிலும்’. ‘நச்சை வாயிலே கொணர்ந்து நண்பர் ஊட்டு போதினும்’.

செய்த போதினும், பெற்றுவிட்ட போதிலும். அவமானம் இந்தப் பாட்டில் நடந்து முடிந்துவிட்டது. பிச்சை எடுக்கிற நிலைமை வந்தே விட்டது. நண்பர் கையில் விஷம் இருக்கிறது. இதெல்லாம் எனக்கு நடக்காது, நடக்க விடமாட்டேன் என்று பாட்டில் எங்குமே இல்லை. நடந்த பிறகு, அந்த இடத்தில் நின்றுகொண்டுதான் அவர் பேசத் தொடங்குகிறார். நீங்களும் அன்று மாலை ஆபீஸ் ரூமை விட்டு வெளியே வந்து அதே இடத்தில்தான் நின்றீர்கள். இதைக் கவனிக்க எனக்குப் பல வருடம் ஆனது.

இன்னொன்று. ‘அச்சமில்லை’ என்ற சொல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். பயமே தெரியாத ஒருவருக்கு இத்தனை தடவை சொல்ல வேண்டிய தேவை இல்லை. உள்ளே நடுக்கம் இருக்கிற ஒருவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலத்தான் எனக்குக் கேட்கிறது. தமிழாசிரியர்கள் இதை வேறு மாதிரி விளக்கலாம். என் காதில் விழுவதைச் சொல்கிறேன்.

வெள்ளைக்காரனை எதிர்த்துப் பாடியது என்று எழுதியிருக்கிறீர்கள். நம்மில் பலர் அப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் பாரதியார் கவிதைத் தொகுப்பில் இந்தப் பாட்டு தேசிய கீதங்களில் இல்லை, வேதாந்தப் பாடல்களில் இருக்கிறது. தலைப்புக்குப் பக்கத்தில் ‘பண்டாரப் பாட்டு’ என்று குறிப்பும் உண்டு. பண்டாரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் ஊராகப் போகிறவர். அவரிடமிருந்து பிடுங்கிக்கொள்ள யாருக்கும் எதுவும் மிச்சமில்லை. உங்கள் நிலைமை அப்படியா? உங்களை நம்பி வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒன்றாம் தேதி வாடகை கொடுக்க வேண்டும். பண்டாரத்தின் வாயில் வருகிற சொல் அன்று உங்கள் வாயில் வரவில்லை என்பதற்காக உங்களையே நீங்கள் கோழை என்று திட்டிக்கொள்வது நியாயமில்லை.

பாரதியும் ஒரு மனு எழுதினார்

இதை நான் உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும். பள்ளி விழா மேடைகளில் யாரும் சொல்வதில்லை.

1908இல், ‘இந்தியா’ பத்திரிகை மீது வழக்கு வந்து அதன் பதிவுபெற்ற ஆசிரியர் கைதான சமயத்தில், பாரதி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போனார். பத்து வருடம் அங்கேயே இருந்தார். பணமுடை, வேவுகாரர்களின் தொல்லை, ஊருக்குத் திரும்ப முடியாத ஏக்கம். 1918 நவம்பரில் புதுச்சேரி எல்லையைத் தாண்டி வந்தவரைப் பிரிட்டிஷ் போலீஸ் கைது செய்து கடலூரில் சிறை வைத்தது. அந்தச் சிறையிலிருந்து அவர் சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவுக்கு மனு எழுதினார். அரசியலை விட்டு விலகிவிட்டதாக உறுதி கொடுத்து விடுதலை கேட்டார். அன்னி பெசன்ட், சி.பி. ராமசாமி ஐயர் போன்றவர்களும் அவருக்காகப் பேசினார்கள். டிசம்பரில், நிபந்தனைகளோடு விட்டார்கள். அவர் மனைவி செல்லம்மாவின் ஊரான கடையத்துக்குப் போனார். 1920இல் சென்னைக்குத் திரும்பி மறுபடியும் ‘சுதேசமித்திரன்’ பத்திரிகையில் எழுத உட்கார்ந்தார்.

அந்த மனுவை வைத்து, அவர் பாடியதெல்லாம் பொய் என்று நாம் சொல்வதில்லை. சிறையில் இருப்பவர் வெளியே வருவதற்காக எழுதியது அது. அன்று மாலை வீட்டுக்குப் போக வேண்டும், மறுநாள் வேலைக்கு வர வேண்டும் என்பதற்காக நீங்கள் எழுதியதும் அப்படித்தான். பாரதிக்குத் தருகிற இடத்தை உங்களுக்கும் கொஞ்சம் கொடுங்கள்.

சரி, இனி சட்டத்துக்கு வருவோம்.

அந்தக் கடிதம் யாருக்குச் சங்கடம்?

எழுதிக் கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. மிரட்டியோ, வேலை போய்விடும் என்ற பயத்தைப் பயன்படுத்தியோ வாங்கிய ஒப்புதலை, எந்தச் சூழ்நிலையில் எழுதினேன் என்று விளக்கி மறுக்கலாம். ஒருவர் ஒப்புக்கொண்டு எழுதிவிட்டார் என்பது மட்டுமே முடிவான சான்று ஆகிவிடாது.

அதோடு, அவர்கள் உங்களிடம் எழுதி வாங்கியது என்ன? ‘உட்கார்ந்திருந்தேன்’ என்று. தமிழ்நாட்டில் ஒரு கடை ஊழியர் வேலையின் நடுவே உட்கார்ந்தது குற்றம் என்று அந்தக் கடையே எழுத்தில் பதிவு செய்து வைத்திருக்கிறது. தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் அந்தத் தாளை நீட்டினால் விழிக்க வேண்டியவர் மேனேஜர்தான்.

எனக்குக் கவலை தருவது அந்த வெற்றுத்தாள். அதில் நாளைக்கே ராஜினாமாக் கடிதம் எழுதிக்கொள்ளலாம், பணம் வாங்கியதாகவும் எழுதிக்கொள்ளலாம். நீங்கள் இதைக் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரியாகச் சொல்லியிருக்கிறீர்கள். நான் முதலில் சரிசெய்யச் சொல்வது இதைத்தான். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

நீங்கள் மேனேஜரிடம் சொன்னது சரி. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021 செப்டம்பரில் திருத்தம் கொண்டுவந்து 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். (பாரதி இறந்து நூறு வருடம் நிறைந்ததும் அதே மாதம்தான்.) வேலைக்கு நடுவே கிடைக்கும் வாய்ப்பில் ஊழியர்கள் உட்காருவதற்கு ஏற்ற இருக்கைகள் எல்லா நிறுவனங்களிலும் இருக்க வேண்டும், வேலை நேரம் முழுக்க யாரையும் நிற்க வைக்கக் கூடாது என்பது அதன் சாரம். ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். வாடிக்கையாளர் எதிரே நிற்கும்போது எழுந்திருக்க மாட்டேன் என்று சொல்ல இந்தப் பிரிவு இடம் தராது. ஆள் இல்லாத நேரத்தில் உட்காரத்தான் அது உரிமை தருகிறது. நீங்கள் உட்கார்ந்தது அந்த நேரத்தில்தான்.

இந்தச் சட்டம் தானாக வந்துவிடவில்லை. நமக்கு முன்பே, 2018இல், கேரளத்தில் வந்தது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி என்ற பெண், கடைகளில் வேலை செய்யும் பெண்களைச் சேர்த்து ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைத் தொடங்கினார். முதலில் அவர்கள் கேட்டது கழிப்பறை. கழிப்பறை இல்லாததால் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் நின்ற பெண்கள் அவர்கள். அப்புறம்தான் உட்காரும் உரிமையைக் கேட்டார்கள். பல வருடம் பிடித்தது. வேலை போய்விடுமே என்ற பயம் அவர்களுக்கும் இருந்தது. பயத்தோடுதான் கூட்டத்துக்கு வந்தார்கள்.

உங்கள் வேலை நேரத்தைப் பற்றி நீங்கள் குறையாகக்கூட எழுதவில்லை. அது உங்களுக்கு அவ்வளவு பழகிவிட்டது. ஆனால் அதே சட்டப்படி கடை ஊழியருக்கு ஒரு நாள் வேலை 8 மணி நேரம், வாரத்துக்கு 48. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு 10ஐத் தாண்டக் கூடாது. ஓவர்டைமுக்கு இரட்டிப்புச் சம்பளம் தர வேண்டும். தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்க வேண்டுமானால் நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்தாக வேண்டும். உங்கள் நாற்பது நிமிடத்தைக் கழித்தாலும் பதினொரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஓவர்டைம் என்று தனியாக எதுவும் வருகிறதா என்று சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள்.

வேலையைத் தூக்கி எறியலாமா?

இப்போது வேண்டாம். கோபத்தில் தூக்கி எறிவது ஒரு நாள் நிம்மதியாக இருக்கும். ஆனால் சட்டம் தருகிற பாதுகாப்பையும் அதோடு சேர்த்து எறிந்துவிடுவீர்கள். ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரை, நியாயமான காரணம் இல்லாமலும் ஒரு மாத நோட்டீஸோ அதற்குரிய சம்பளமோ தராமலும் நீக்க முடியாது என்று அந்தச் சட்டத்தின் 41ஆம் பிரிவு சொல்கிறது. நோட்டீஸ் தராமல் தவறான நடத்தை என்று சொல்லி நீக்குவதானால் முறையாக விசாரணை நடத்த வேண்டும். அப்படி நீக்கினால் 30 நாளுக்குள் தொழிலாளர் துறையில் அதற்கென்று உள்ள அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். நீங்களாக ராஜினாமா எழுதிக் கொடுத்தால் இதில் எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. ‘நீயே எழுதிக் கொடுத்துட்டுப் போயிடு’ என்று சொல்வார்கள். எழுதாதீர்கள்.

வேறு கடையில் நல்ல வேலை கையில் கிடைத்து, அமைதியாக விலகுவது வேறு விஷயம். அதில் தோல்வி எதுவும் இல்லை.

என்ன செய்யலாம்?

முதல் வேலை, நிர்வாகத்துக்கு ஒரு கடிதம். ஒரு பக்கம் போதும். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, யார் முன்னால் எழுதி வாங்கினார்கள் என்று சொல்லுங்கள். எழுதப்படாத தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், அதைத் திருப்பித் தரவும், அதில் என்ன எழுதப்பட்டாலும் அது நான் சம்மதித்து எழுதியது ஆகாது என்று குறிப்பிடுங்கள். நான் தொடர்ந்து வேலை செய்ய விரும்புகிறேன் என்ற வரியும் கட்டாயம் வேண்டும். திட்டு, கோபம், சவால் எதுவும் வேண்டாம். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதையும் நகலையும் வீட்டில் பத்திரமாக வையுங்கள். கடை அலமாரியில் வைக்காதீர்கள்.

இரண்டாவது, ஒரு பழைய டைரியை எடுத்து அன்றாடம் எழுதுங்கள். எத்தனை மணிக்கு உள்ளே போனேன், எத்தனை மணிக்கு வெளியே வந்தேன், யார் என்ன சொன்னார். நான்கு வரி போதும். கால் வலிக்கு இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் காட்டுங்கள். சம்பளத்தில் பிடிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், இதுவரை ஒரு தடவைகூடப் போனதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். மருத்துவரின் சீட்டு உங்கள் காலுக்கும் நல்லது, பின்னாளில் சாட்சியாகவும் இருக்கும்.

மூன்றாவது, இருக்கை பற்றிய புகார். உங்கள் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் கொடுக்கலாம். பத்துப் பேர் கையெழுத்து இருந்தால்தான் எடுத்துக்கொள்வார்கள் என்று யாரோ உங்களிடம் சொன்னது தவறு. ஒருவர் கொடுத்தாலும் புகார்தான். ஆனால் இதில் நான் உங்களை அவசரப்படுத்த மாட்டேன். இப்போது புகார் போனால் யார் கொடுத்தது என்று கடைக்கு உடனே தெரிந்துவிடும். வேறு செக்‌ஷனுக்கு மாற்றலாம், இன்சென்டிவைக் குறைக்கலாம், சின்னச் சின்ன மெமோவாகக் கொடுத்து அலைக்கழிக்கலாம். ஒரே தெருவில் உள்ள கடைக்காரர்கள் ஒருவரிடம் ஒருவர் சொல்லி வைப்பதும் உண்டு. வழக்கு என்று போனால் நாள் பிடிக்கும், ஜெயித்தே தீருவோம் என்று எந்த வக்கீலும் உறுதி தர முடியாது. அதனால் முதல் இரண்டையும் செய்துவிட்டு, நான்கைந்து பேராவது சேர்ந்த பிறகு, முடிந்தால் ஒரு தொழிற்சங்கத்தின் பெயரில் புகார் கொடுங்கள். சங்கம் கொடுத்தால் தனி ஒருவர் பெயர் முன்னால் நிற்காது.

பணம் இல்லையே என்று தயங்காதீர்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம்.

அந்தத் தோழி

அவரைப் பற்றி எழுதிய இடத்தில் உங்கள் எழுத்தே கிறுக்கலாகிவிட்டது. ‘நச்சை வாயிலே கொணர்ந்து’ என்ற வரியில் அவர் முகம்தான் தெரிகிறது என்கிறீர்கள். அந்த வலியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவரையும் அதே ரூமுக்குத்தான் கூப்பிட்டிருப்பார்கள், அதே நாற்காலியில் மேனேஜர் உட்கார்ந்திருக்க, அவரும் நின்றுகொண்டேதான் எழுதியிருப்பார். உங்களுக்குத் தரச் சொன்ன மன்னிப்பில் கொஞ்சம் அவருக்கும் வேண்டியிருக்கிறது. இன்றே பேச வேண்டும் என்றில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும். வக்கீலாக ஒன்று சொல்கிறேன்: நாளை விசாரணை என்று வந்தால், அந்தத் தாளை எப்படி எழுதி வாங்கினார்கள் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.

மகளிடம்

நடந்ததை மகளிடம் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லலாம் என்றுதான் நினைக்கிறேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அம்மா அழுதது தெரியாமல் இருக்காது. காரணம் தெரியாவிட்டால் தன்னால்தான் என்று நினைத்துக்கொள்வாள். கடையில் ஒருவர் சத்தம் போட்டார், அம்மாவுக்குப் பயமாக இருந்தது, கையெழுத்துப் போட்டேன், இப்போது ஒரு கடிதம் எழுதப் போகிறேன் என்று அவளுக்குப் புரிகிற அளவில் சொல்லுங்கள். பண்டாரம்னா யாரும்மா என்று அவள் கேட்டதற்கு நீங்கள் பதில் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இப்போது அதற்கும் பதில் இருக்கிறது.

விழாவுக்கு நீங்கள் போக வேண்டும். ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்குச் சம்பளத்தோடு 12 நாள் விடுப்பு அந்தச் சட்டத்திலேயே உண்டு. அன்றைக்கு லீவு வேண்டும் என்று இப்போதே எழுத்தில் கேளுங்கள், அதற்கும் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை உங்களுக்கு வார விடுமுறை என்று எழுதியிருக்கிறீர்கள். வெற்றுத்தாள் பற்றிய கடிதத்தை அதற்குள் எழுதி எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன். செவ்வாய் காலையில் போஸ்ட் ஆபீஸ் திறந்ததும் அனுப்பிவிடலாம்.

அன்புடன்,
உங்கள் வக்கீலம்மா